கார்ட்டிசால் நார்மல், டெஸ்டோஸ்டிரோன் நார்மல், ஆனால் ஓட முடியவில்லை: ஓவர்ட்ரெயினிங்கை ரத்தப் பரிசோதனை காட்டுமா?

விடியல்ஓட்டம்

வணக்கம் நண்பர்களே. அரை மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தவன் இப்போது முழு மாரத்தானுக்குத் தயாராகிறேன். வாராந்திர தூரத்தைக் கூட்டியதிலிருந்து உடம்பு ஒத்துழைக்கவில்லை. முன்பு பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இப்போது மூச்சு முட்டுகிறது. விசித்திரம் என்னவென்றால், எவ்வளவு விரட்டினாலும் வாட்ச்சில் இதயத் துடிப்பு பழையபடி ஏற மறுக்கிறது. ராத்திரி படுத்ததும் தூங்கிவிடுகிறேன், மூன்று மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடுகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன் என்று வீட்டில் புகார் வேறு.

ஒரு லேபில் 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பேக்கேஜ்' எடுத்தேன். கார்ட்டிசால் நார்மல். டெஸ்டோஸ்டிரோனும் நார்மலுக்குள்தான், ஆனால் கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறது. தைராய்டு சரி. ஜிம் டிரெய்னர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "இது அட்ரினல் ஃபெட்டீக், சுரப்பி சோர்ந்துபோச்சு" என்று சொல்லி ஒரு டப்பா மாத்திரையைக் காட்டினார். விலையைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் ரையன் ஹால் பற்றிப் படித்தேன். 2007இல் ஹூஸ்டனில் அரை மாரத்தானை 59:43இல் முடித்த அமெரிக்கர். 2011 பாஸ்டனில் 2:04:58. அப்படிப்பட்டவர் 2016 ஜனவரியில், 33 வயதில் ஓய்வை அறிவித்தார். அவரே சொன்ன காரணம் தீராத களைப்பும் குறைந்துபோன டெஸ்டோஸ்டிரோனும். நான் அவர் கால் தூசிக்குக்கூட வரமாட்டேன், ஆனால் படித்ததும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. என் ரிப்போர்ட்டை வைத்து எனக்கு ஓவர்ட்ரெயினிங்கா, அதாவது உடம்பு தாங்காத அளவு பயிற்சியால் வந்த சரிவா, இல்லையா என்று சொல்ல முடியுமா?

ஈசிஆர்_சைக்கிள்

தம்பி, இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை கார்ட்டிசாலால் வகுக்க வேண்டும். முன்னது உடம்பைக் கட்டுகிற ஹார்மோன், பின்னது உடைக்கிற ஹார்மோன். விகிதம் உன் வழக்கமான அளவிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் ஓவர்ட்ரெயினிங். எங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர் எக்செல் ஷீட்டே போட்டு வைத்திருக்கிறார். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா?

நாளமில்லா

நாளமில்லாச் சுரப்பிகளைப் பார்க்கும் மருத்துவர் நான், பெயரே சொல்லும். ஈசிஆர் சார் சொன்ன 30 சதவீதக் கணக்கு நிஜமாகவே உண்டு. 1986இல் பின்லாந்தின் ஆட்லெர்க்ரோய்ட்ஸ் குழு முன்வைத்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் அது தேறவில்லை. கடுமையான பயிற்சி முகாம் ஒன்றை முடித்த யாருக்கும் அந்த விகிதம் இறங்கலாம். அதில் பலர் ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு முன்பைவிட நன்றாக ஓடுவார்கள். அதாவது பயிற்சியின் சுமை எவ்வளவு என்பதை விகிதம் ஓரளவு காட்டும். அந்தச் சுமையை உடம்பு தாங்குகிறதா, தாங்காமல் சரிகிறதா என்பதைக் காட்டாது. எக்செல் ஷீட் இருக்கட்டும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அமெரிக்க, ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2013இல் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அதில் மூன்று படிகள் வருகின்றன. முதல் படி, திட்டமிட்டே உடம்பை மிஞ்சுவது. சில நாள் களைப்பு, அப்புறம் முன்னேற்றம். எல்லாப் பயிற்சியும் இதை நம்பித்தான் நடக்கிறது. இரண்டாவது, களைப்பு வாரக்கணக்கில் நீள்வது, முன்னேற்றம் எதுவும் வராமல் போவது. மூன்றாவதுதான் உண்மையான ஓவர்ட்ரெயினிங் சிண்ட்ரோம், மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அன்றைக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை காலத்தில் தேறினார் என்பதைத் திரும்பிப் பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்ல முடிகிறது.

ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் இவர்களில் பலருக்கு எல்லாம் நார்மலாகவே இருக்கும். கோளாறு தெரிவது உடம்பைச் சீண்டும்போது. பிரஸ்ஸல்ஸில் மேயூசன் குழு ஒரு சோதனை செய்தது. வீரரை முழு மூச்சாகக் களைக்கும்வரை ஓடவோ மிதிக்கவோ விட்டு ரத்தம் எடுப்பது, நான்கு மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை, மறுபடி ரத்தம். நல்ல நிலையில் இருப்பவருக்கு இரண்டாவது முறையும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்கள், அதாவது கார்ட்டிசாலைச் சுரக்கச் சொல்லும் ஏசிடிஹெச்சும் புரோலாக்டினும், நன்றாக ஏறும். இரண்டாம் படியில் இருப்பவர்களுக்கு இரண்டாவது முறை அளவுக்கு மீறி எகிறியது. ஓவர்ட்ரெயினிங் முற்றியவர்களுக்கோ முதல் முறை ஏறியது, இரண்டாவது முறை ஏறவே இல்லை. சோதித்தது மிகச் சிறிய குழுவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அட்ரினல் என்பது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்து கார்ட்டிசாலைச் சுரக்கும் சுரப்பி. அட்ரினல் ஃபெட்டீக் என்று ஒரு நோய் கிடையாது. பிரேசிலில் கடேஜியானியும் காட்டரும் ஓவர்ட்ரெயினிங் ஆன வீரர்களைச் சோதித்தார்கள். அட்ரினலை நேரடியாகத் தூண்டும் ஊசி போட்டபோது கார்ட்டிசால் மற்றவர்களைப் போலவே சுரந்தது. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைத் தாழ்த்தி, மூளை வழியாகத் தூண்டியபோதுதான் பதில் மங்கியிருந்தது. சுரப்பி திடமாகத்தான் இருக்கிறது, மேலிருந்து வரும் உத்தரவுதான் குறைந்துவிட்டது. உத்தரவு மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து வர வேண்டும். டிரெய்னர் காட்டிய டப்பாவால் அங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை.

கோச்_அண்ணா

டாக்டர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் மைதானத்தில் நான்கு மணி நேர இடைவெளியில் யார் ரத்தம் எடுப்பார்கள்? நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளை ஓட வைக்கிறேன். வார்ம்அப்பில் எப்போதும் வாயடிக்கிற பையன் இரண்டு நாளாகப் பேசாமல் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குப் போதும். அன்றைக்கு இன்டர்வெல் (விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சி) கட். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுதச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்று நாள் ஓடிவிட்டு ஓவர்ட்ரெயினிங் என்கிறார்கள். அது ஓவர்ட்ரெயினிங் இல்லை, ஓவர் இன்ஸ்டாகிராம்.

நாளமில்லா

கோச், பேசாத பையனைக் கவனிப்பது அறிவியல்தான். மனநிலைக் கேள்வித்தாள்கள் பல ஆய்வுகளில் ரத்தப் பரிசோதனையைவிட முன்னதாகவே மாற்றத்தைக் காட்டியிருக்கின்றன. நாடித்துடிப்பு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. காலை நாடி கூடினால் களைப்பு என்பது ஒரு வகைக்குத்தான் பொருந்தும். நீண்ட தூரம் ஓடுபவர்களிடம் அதிகம் காணப்படும் வகையில் நாடி நார்மலாகவோ குறைவாகவோ இருக்கும். உச்ச வேகத்திலும் துடிப்பு ஏறாது, கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டும் ஏறாது. பார்க்கிறவர் ஃபிட்னஸ் கூடிவிட்டது என்று நினைப்பார். விடியல்ஓட்டம் சொன்ன அந்த வாட்ச் விசித்திரம் இதோடு ஒத்துப்போகிறது. 1990களில் ஜெர்மனியில் லேமான் குழு, தூரத்தைச் சட்டென்று கூட்டிய ஓட்டக்காரர்களின் இரவுச் சிறுநீரில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் குறைந்திருப்பதைக் கண்டது. விரட்டுகிற ஹார்மோன் குறைந்தால் இதயம் எப்படி விரைந்து துடிக்கும்?

சாம்பிள்_தம்பி

நான் லேபில் ரத்தம் எடுக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு, லாங் ரன் முடித்த கையோடு, முதுகில் பிப் நம்பர்கூடக் கழற்றாமல் வந்து கையை நீட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்து என்ன பிரயோஜனம்? கார்ட்டிசாலும் டெஸ்டோஸ்டிரோனும் காலையில் உச்சத்தில் இருக்கும், நேரம் ஆக ஆக இறங்கும். காலை 7 முதல் 9 மணிக்குள், வெறும் வயிற்றில், முந்தின நாள் கடுமையான பயிற்சி இல்லாமல் எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் எடுத்த நேரம் போட்டிருக்கும், அதைப் பாருங்கள் விடியல் அண்ணா.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முடி வளர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மெஷின்களில் அது தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ரிசல்ட்டையே மாற்றிவிடும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். கேட்டால்தான் சொல்கிறார்கள்.

விடியல்ஓட்டம்

சாம்பிள் தம்பி, நேரம் 10:40 என்று போட்டிருக்கிறது. பயோட்டின் இல்லை. முந்தின நாள் டெம்போ ரன் (வேக ஓட்டம்) இருந்தது.

நாளமில்லா

அப்படியானால் அந்த டெஸ்டோஸ்டிரோன் எண்ணை வைத்துக் கவலைப்பட வேண்டாம். மறுபடி எடுக்கும்போது எல்எச் சேர்த்துக் கேளுங்கள். விரையையும் சினைப்பையையும் வேலை செய்யச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் அது. விரையிலேயே கோளாறு என்றால் டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது எல்எச் ஏறிவிடும், மூளை கத்திக் கூப்பிடும். டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, எல்எச்சும் குறைவு அல்லது நடுத்தரம் என்றால் மூளை கூப்பிடவே இல்லை என்று பொருள். ஓட்டக்காரர்களிடம் பெரும்பாலும் பார்ப்பது இரண்டாவதைத்தான். ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் இருப்பு), வைட்டமின் டி, ரத்தச் சர்க்கரை, சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இவற்றையும் பாருங்கள். களைப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருந்து, அதை விட்டுவிட்டு ஹார்மோனைத் தேடுவது நம் ஊரில் சகஜம். ஓவர்ட்ரெயினிங் என்பது மற்றதையெல்லாம் தள்ளிவிட்ட பிறகு கடைசியாக வைக்கும் பெயர்.

அப்புறம் ஒரு கேள்வி. சாப்பாடு எப்படி?

தடகள_அம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 17 வயது, 1500 மீட்டர் ஓடுகிறாள். ஆறு மாதமாக மாதவிடாய் நின்றிருக்கிறது. அவள் கோச்சிடம் சொன்னதற்கு "நல்லதுதான் மேடம், உடம்பு ரேஸ் ஷேப்புக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்கிறார். பக்கத்து கிளினிக்கில் வரவழைக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. இப்போது காலின் முன் எலும்பில் வலி என்கிறாள். இதுவும் நீங்கள் பேசுகிற ஹார்மோன் விஷயம்தானா டாக்டர்?

நாளமில்லா

அம்மா, நல்ல வேளை கேட்டீர்கள். அந்த எலும்பு வலிக்கு இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவையா என்று அவர் சொல்வார். அதுவரை ஓட்டம் வேண்டாம்.

மாதவிடாய் நிற்பது ரேஸ் ஷேப் இல்லை. தைராய்டு, புரோலாக்டின், பிசிஓஎஸ், கர்ப்பம் இவற்றையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஓட்டக்காரப் பெண்களிடம் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே காரணம்: ஓடுவதற்கு எரிப்பது போக, உடம்பின் மற்ற வேலைகளுக்குக் கலோரி மிச்சமில்லை. வீட்டில் வரவு குறைந்தால் முதலில் நிற்பது கேபிள் கனெக்‌ஷனும் வெளியூர்ப் பயணமும்தானே? அரிசியை யாரும் முதலில் நிறுத்துவதில்லை. ஹைப்போதலாமஸும் அப்படித்தான் கணக்குப் போடும். இதயமும் மூளையும் ஓட வேண்டும், பிள்ளைப்பேறு இப்போது அவசரமில்லை.

இதை அமெரிக்காவில் லவுக்ஸ் என்பவர் ஆய்வகத்திலேயே காட்டினார். 2003இல் வெளியான ஆய்வு. கொழுப்பு நீக்கிய உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் கீழே மிச்சம் போனபோது, ஐந்தே நாளில் பெண்களின் எல்எச் துடிப்புகள் தாறுமாறாகின. கணக்கு இப்படி: மகளுக்கு எடை 50 கிலோ, அதில் கொழுப்பு போக 40 கிலோ என்று வையுங்கள். ஒரு நாள் 1600 கலோரி சாப்பிட்டு, பயிற்சியில் 600 எரிக்கிறாள். மிச்சம் 1000. நாற்பதால் வகுத்தால் 25. முப்பதுக்குக் கீழே. 45 அளவுக்காவது வர வேண்டும் என்றால் அவள் 2400 கலோரி சாப்பிட வேண்டும். 1600 என்பது பட்டினி இல்லை, பாருங்கள். காலேஜ் பெண்ணுக்கு யாரும் குறை சொல்லாத சாப்பாடு. ஓட்டக்காரிக்குத்தான் அது போதவில்லை. முப்பது என்பது எல்லோருக்கும் கத்தி வைத்து வெட்டிய கோடும் இல்லை, சிலருக்கு அதற்கு மேலேயே தொல்லை தொடங்கும்.

கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் இறங்கும், தைராய்டு ஹார்மோன் டி3 இறங்கும், வளர்ச்சிக்கான ஐஜிஎஃப்-1 இறங்கும், கார்ட்டிசால் ஏறும், ஈஸ்ட்ரோஜென் வற்றும். ஈஸ்ட்ரோஜென் இல்லாமல் எலும்பு எப்படி நிற்கும்? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்து, ஆண்களையும் அதில் சேர்த்தது. அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013இல் 17 வயதில் உலகப் போட்டிக்குப் போன ஓட்டக்காரி. எடையைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்த நெருக்கடியில் மூன்று வருடம் மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மாத்திரையால் வருவது உங்கள் மகளின் சொந்தச் சுழற்சி இல்லை. அது கணக்குச் சரியாகிவிட்டது போலக் காட்டிவிடும், எலும்பைக் காப்பதாக நம்ப முடியாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதலும் மாதவிடாயை வரவழைப்பதற்காக மட்டும் கருத்தடை மாத்திரை கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. சாப்பாட்டைக் கூட்டுவதும் பயிற்சியைக் குறைப்பதும்தான் முதல் மருந்து.

கோச்_அண்ணா

அம்மா, அந்தக் கோச் சொன்னதைக் கேட்டு எனக்கே கோபம் வருகிறது. எங்கள் மைதானத்தில் நின்றுபோனால் பெண் பிள்ளைகள் என் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஆம்பளை கோச்சிடம் சொல்லக் கூச்சம். எடை மெஷினையும் எடுத்துவிட்டேன்.

நீச்சல்_கொழும்பு

டாக்டர் சாப்பாடு என்றதும் ஒரு பழைய ஆய்வு ஞாபகம் வந்தது. 1988இல் அமெரிக்காவில் காஸ்டில் குழு 12 நீச்சல்காரர்களின் தினசரித் தூரத்தைச் சுமார் 4270 மீட்டரிலிருந்து 8970 மீட்டராக, பத்து நாளைக்கு இரட்டிப்பாக்கியது. எட்டுப் பேர் சமாளித்தார்கள். நான்கு பேரால் முடியவில்லை. அந்த நால்வரும் மாச்சத்து குறைவாகச் சாப்பிட்டவர்கள், தசையில் கிளைகோஜன் (சேமித்து வைத்த மாச்சத்து) குறைந்திருந்தது. பயிற்சி எல்லோருக்கும் ஒன்று, தட்டுத்தான் வேறு. நாங்கள் காலையில் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன் ஒன்றும் சாப்பிடாமல் போவதையே வீரம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது.

விடியல்ஓட்டம்

டாக்டர், சாப்பாடு கேட்டீர்களே. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சோற்றைக் குறைத்திருக்கிறேன். காலை ஓட்டம் எல்லாம் ஒரு டம்ளர் பிளாக் காபியோடுதான், கொழுப்பு எரியும் என்று. ஓடிவிட்டு நேராக ஆபீஸ். பத்தரை மணிக்கு கேன்டீனில் இரண்டு இட்லி. ராத்திரி இரண்டு சப்பாத்தி, முட்டை, காய். ஞாயிறு லாங் ரன் முடிந்த பிறகு மட்டும் பிரியாணி.

நாளமில்லா

மாரத்தான் பயிற்சிக்கு இது எப்படிப் போதும்? இதை முதலில் கேட்டிருந்தால் ரத்தமே எடுக்க வேண்டியிருக்காது. ஓவர்ட்ரெயினிங் என்று பெயர் வைத்த பழைய ஆய்வுகளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தவர்கள், பெரும்பாலானவற்றில் கலோரியோ மாச்சத்தோ குறைந்திருந்ததற்கான அடையாளம் இருப்பதாக 2021இல் எழுதினார்கள். ரெட்-எஸ்ஸும் ஓவர்ட்ரெயினிங்கும் அறிகுறியில் அவ்வளவு ஒன்றுபோல் இருக்கின்றன. என் கருத்து கொஞ்சம் கறாரானது: ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்க்காத ஒருவருக்கு ஓவர்ட்ரெயினிங் என்று பெயர் வைக்கவே கூடாது.

ஈசிஆர்_சைக்கிள்

சரி டாக்டர், ஆனால் ரையன் ஹால் போன்றவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருக்கலாமே? குறைந்ததைக் கொடுப்பதில் என்ன தப்பு? ஷிலாஜித், அமுக்கரா என்று வேறு விற்கிறார்கள்.

நாளமில்லா

டெஸ்டோஸ்டிரோன், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் போட்டிக் காலம், பயிற்சிக் காலம் என்று பாராமல் எப்போதும் இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்கு விலக்கு வாங்கலாம், ஆனால் விரையிலோ பிட்யூட்டரியிலோ உறுப்புக் கோளாறு இருந்தால்தான். பயிற்சியாலும் பசியாலும் குறைந்ததற்கு விலக்கு இல்லை. அமெச்சூர் ஓட்டக்காரராக இருந்தாலும் வெளியிலிருந்து ஊசி போட்டால் மூளை எல்எச்சை அணைத்துவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். பிள்ளைக்காக வருகிற தம்பதிகளில் இப்படிப்பட்ட ஜிம் ஆட்களை நான் பார்க்கிறேன். ஹார்மோன் குறைந்தது விளைவு. விளைவுக்கு ஊசி போட்டுவிட்டுக் காரணத்தை அப்படியே விடுவது வைத்தியம் இல்லை.

அமுக்கரா பழைய மருந்து, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'டெஸ்டோ பூஸ்டர்' என்று டப்பாவில் வருவதில் எழுதாத சரக்கும் கலந்திருக்கலாம். போட்டிக்குப் போகிறவர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் டப்பா விற்றவர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

கோச்_அண்ணா

நான் இன்னமும் சொல்வேன், எல்லாக் களைப்புக்கும் சோறு மருந்தில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, காலையில் நேராக மைதானத்துக்கு வருகிற போலீஸ் பையன்கள் என்னிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

நாளமில்லா

ஒத்துக்கொள்கிறேன் கோச். தூக்கக் குறைவு, வேலை நெருக்கடி, சரியாக ஆறாத காய்ச்சல் எல்லாம் அதே ஹைப்போதலாமஸில்தான் போய்ச் சேரும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு அன்றைக்குத் தூக்கம்தான் பயிற்சி, திருப்பி அனுப்புங்கள்.

விடியல்ஓட்டம், இரண்டு வாரம் வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். மெதுவான நடை, தோன்றினால் சின்ன ஜாகிங், அவ்வளவுதான். ஓடுவதற்கு முன் வாழைப்பழமோ பிரெட்டோ. முடித்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறைய டிபன், இட்லி என்றால் ஐந்தாறு. மதியம் சோறு குறைக்காமல், பருப்போ மீனோ சேர்த்து. மூன்று மணி முழிப்பு முதலில் போகும் என்று எதிர்பார்க்கிறேன். தேறினால் இரண்டாம் படியோடு தப்பினீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள், காலை எட்டு மணி ரத்தத்தோடு.

விடியல்ஓட்டம்

நன்றி டாக்டர். மாரத்தானுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது என்று சைட்டில் போட்டிருக்கிறது. 10 கி.மீ.க்கு மாற்றிக்கொள்ளலாமாம், அதற்கு மெயில் போட்டுவிட்டேன். யாருக்காவது பதில் வந்த அனுபவம் உண்டா?

தடகள_அம்மா

எலும்பு டாக்டரிடம் நாளைக் காலை டோக்கன் கிடைத்திருக்கிறது. மகளிடம் 2400 கணக்கைக் காட்டினேன். "அம்மா, இவ்வளவு சாப்பிட்டா கோச் திட்டுவார்" என்கிறாள். கோச் அண்ணா, உங்கள் மைதானம் எந்தப் பக்கம்?

கோச்_அண்ணா

இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன் அம்மா. கால் முதலில் ஆறட்டும், ஓட்டத்தை அப்புறம் பார்க்கலாம்.